மேடையில் ஆண் தன் உடலைப் பற்றிப் பேசினால் ஏன் சிரிக்கிறோம்?

திரைச்சீலை:

யாழ்ப்பாணத்தில் சிறு நாடகக் குழு ஒன்றை நடத்துகிறேன். இந்த வருடம் தயாரித்த நாடகத்தில் ஒரு காட்சி. திருமணமாகிச் சில வருடங்களாகியும் பிள்ளை இல்லாத ஒருவன் டொக்டருக்கு முன்னால் கதிரையில் இருக்கிறான். மழை, பஸ் நேரம், வெங்காய விலை எல்லாவற்றையும் பேசிவிட்டுக் கடைசியில், "படுக்கையில் என்னால் முடிவதில்லை, டொக்டர்" என்கிறான். அவ்வளவுதான். ஆபாசமான சொல் ஒன்றும் இல்லை. யாரும் உடுப்பைக் கழற்றுவதும் இல்லை.

முன்னோட்டமாக ஆடிக் காட்டியபோது மண்டபம் வெடித்துச் சிரித்தது. தொடக்கிவைத்தவர்கள் பின்வரிசை ஆண்கள். நடித்த பையனுக்கு அடுத்த வசனமே வரவில்லை. மறுநாள் மண்டபத்துக்குப் பொறுப்பானவர்கள் அந்தக் காட்சியை வெட்டிவிடும்படி கேட்டார்கள். குடும்பமாகப் பார்க்க வருகிறார்களாம். அதே நாடகத்தில், அதற்குச் சற்று முன்னர், மாமியார் மருமகளை 'மலடி' என்று ஏசுகிறாள். அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை, வெட்டச் சொல்லவும் இல்லை. குடும்பங்கள் அதைப் பார்க்கலாம் போலும்.

காட்சியை வெட்டப் போவதில்லை. அதைப் பற்றி யோசனை கேட்கவும் இல்லை. நான் கேட்பது வேறு. கூத்திலும் இசை நாடகத்திலும் பின்னர் வந்த நவீன நாடகத்திலும் ஆணின் உடலும் ஆசையும் எப்படி வந்துபோயிருக்கின்றன? இந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது?

சைவப்பழம்:

சில விடயங்கள் டொக்டரின் அறையோடு நிற்க வேண்டியவை. எங்கள் பெரியவர்கள் மேடையில் அரிச்சந்திரனையும் நந்தனாரையும் காட்டினார்கள். பார்த்தவன் திருந்தினான். நீங்கள் எதைத் திருத்தப் போகிறீர்கள்?

பழைய பபூன்:

சைவப்பழம் ஐயா, நீங்கள் வள்ளி திருமணம் பார்த்ததே இல்லையா? கோயில் வீதியில், பாய் விரித்துப் பிள்ளை குட்டிகளோடு இருந்து பார்த்தோமே. முருகன் முதலில் வேடனாக வருகிறான், பெண் மசியவில்லை. பிறகு கிழவனாக வருகிறான். தேனும் தினைமாவும் கேட்கிறான், விக்கலுக்குத் தண்ணீர் கேட்கிறான், அது முடிய "என் தாகம் இன்னும் தீரவில்லை" என்று தொடங்குவான். அந்த இடத்தில் நாங்கள் என்னவெல்லாம் பேசியிருக்கிறோம் என்பதை இங்கே எழுதினால் இந்த இணையக் களத்தின் நெறியாளர் என்னைத் தூக்கிவிடுவார். முன்வரிசைப் பாட்டிமார் கண்ணில் நீர்வரச் சிரிப்பார்கள். ஐயரும் சிரிப்பார்.

கிழவன் வேடத்துக்கும் பபூன் என்ற கோமாளிக்கும் அந்த அனுமதி இருந்தது. கதாநாயகனான ராஜபார்ட் அதையே நிமிர்ந்து நின்று தன் குரலில் சொன்னால் மேடைக்குச் செருப்பு வந்திருக்கும். ஆசை இருக்கலாம், உடல் தளரலாம், எல்லாவற்றையும் சொல்லலாம். சொல்பவனுக்கு நரைத்த தாடி ஒட்டியிருக்க வேண்டும், அல்லது மூக்கில் சிவப்பு மை பூசியிருக்க வேண்டும். உங்கள் பையன் தாடியும் இல்லாமல், மையும் இல்லாமல், சட்டை போட்டுக்கொண்டு வந்து சொல்லிவிட்டான். சபைக்குத் தெரிந்த ஒரே வழியில் சபை அவனைப் பபூன் ஆக்கியது.

வட்டுக்களரி:

தம்பி திரைச்சீலை, பபூன் சொல்வது இசை நாடகத்துக்குச் சரி. கூத்தை அதோடு சேர்த்துக் கட்டக் கூடாது.

முதலில் உடுப்பைப் பாருங்கள். வடமோடிக் கூத்தில் அரசனின் கரப்புடுப்பு இடுப்பிலிருந்து விரிந்து நிற்கும். அவன் சுழலும்போது உடுப்புத்தான் சுழல்கிறது. உள்ளே இருப்பவன் தோட்டக்காரனா, மீன்பிடிப்பவனா, ஒல்லியா, தொப்பையா, ஒன்றும் தெரியாது. முடி, புயக்கட்டு, மார்புப்பதக்கம் என்று உடலுக்கு மேல் இன்னோர் உடலைக் கட்டிவிட்டுத்தான் ஆடுகளமான களரிக்கு அனுப்புகிறோம். உடலை அப்படி மறைத்ததால்தான் வீரத்தை ஆட முடிந்தது.

ஆனால் காத்தவராயன் கூத்துக்கு வாருங்கள். குடாநாட்டில் அதை ஆடாத பகுதி குறைவு. அம்மனுக்கு நேர்த்தி வைத்து ஆடும் கூத்து அது. துள்ளுநடை மட்டும்தான், பெரிய தாளக்கட்டு ஆட்டம் இல்லை. கதை என்ன? ஒருவன் ஒரு பெண் மீது ஆசை வைக்கிறான். சாதி குறுக்கே நிற்கிறது. தாயான மாரியே வேண்டாம் என்கிறாள். அவன் விடுவதில்லை. கழுமரம் காத்திருக்கிறது என்று தெரிந்தும் விடுவதில்லை. விடியற்காலையில் அவன் கழுவேறும்போது அந்தச் சபையில் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். ஒரே இரவில் காத்தான் வேடம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறும். குழந்தைக் காத்தான், இளங்காத்தான், கடைசிக் காத்தான். ஓர் ஆணின் உடல் வளர்ந்து, ஆசைப்பட்டு, தண்டிக்கப்படுவதை இரவு முழுவதும் இருந்து பார்க்கிறோம். மாறுவேடம் எல்லாம் உண்டு. வளையல் விற்கக்கூடப் போகிறான். ஆனால் ஆசை மட்டும் மாறுவேடத்தில் இல்லை. தாயின் முகத்துக்கு நேரே சொல்கிறான்.

எங்கள் மரபுக்கு ஆண் உடலைப் பேசத் தெரியாது என்று இந்தக் கம்பஸ் படிப்பாளிகள் எழுதும்போது எரிச்சல் வருகிறது. தெரியும். மறந்தது நாங்கள்.

கரையோரத்தாள்:

அண்ணை, காத்தான் கூத்தை நானும் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். மெட்டு இன்னும் நாக்கில் நிற்கிறது. ஆனால் நீங்கள் சொல்வது துரத்தும் ஆசை. துரத்துகிற ஆணை எங்கள் மேடைக்கு எப்போதுமே பிடிக்கும். துரத்தி வென்றால் திருமணம், தோற்றால் தெய்வம். திரைச்சீலையின் பாத்திரம் யாரையும் துரத்தவில்லை. வீட்டில் மனைவி இருக்கிறாள், அவனால் முடியவில்லை. அதற்குக் கூத்துப் பழக்கும் எந்த அண்ணாவியார் மெட்டுப் போட்டார்?

இன்னொன்று. அரை நூற்றாண்டுக்கு மேலாக எங்கள் மேடையில் பெண்ணாக நின்றவர்கள் ஆண்கள். நடிகமணி வைரமுத்து அரிச்சந்திரனாக நடித்த 'மயான காண்டம்' இசை நாடகத்தில் சந்திரமதியாக அழுததும் ஓர் ஆண்தான். ஸ்திரீபார்ட் நடிகரின் நடையை, இடுப்பை, கழுத்துத் திருப்பத்தை ஊரிலுள்ள ஆண்கள் வைத்த கண் வாங்காமல் பார்த்தார்கள். "பெண்களே தோற்றுவிடுவார்கள்" என்று பாராட்டினார்கள். ஓர் ஆணின் உடல் அழகாக இருக்கிறது என்று யாழ்ப்பாணத்து ஆண்கள் வாய்விட்டுச் சொன்ன ஒரே இடம் அதுதான் என்று நினைக்கிறேன். அதற்கும் சேலை கட்ட வேண்டியிருந்தது. மறுநாள் காலையில் அதே நடிகர் தேநீர்க் கடைக்குப் போனால் என்ன பேச்சு விழுந்தது என்பதைப் பபூன் அண்ணை சொல்லட்டும்.

திரைச்சீலையிடம் ஒரு கேள்வி. டொக்டரின் அறைக் காட்சியில் மனைவி எங்கே?

திரைச்சீலை:

வெளியே வாங்கில் இருக்கிறாள். சபைக்கு அவளுடைய முதுகு தெரியும். வேண்டுமென்றே அப்படி வைத்தோம். காட்சி அவனுடையது.

கரையோரத்தாள்:

அப்படியென்றால் மாமியாரிடம் ஏச்சு வாங்குவதற்கு அவளுக்கு முகம் உண்டு, கணவனின் நோயை அறிவதற்கு முதுகு மட்டும்தானா?

பழைய பபூன்:

தங்கச்சி கேட்டதால் சொல்கிறேன். ஸ்திரீபார்ட் நடிகர்கள் பட்டது எங்களைப் போன்றவர்கள் பட்டதைவிடப் பல மடங்கு. மேடையில் மலர்மாலை, பணமுடிப்பு. பஸ்ஸில் ஏறினால் விசில். எனக்குத் தெரிந்த ஒருவர் மீசை வளர்க்க ஆசைப்பட்டு முடியாமல், வேடம் கட்டுவதை நிறுத்திய பிறகுதான் வளர்த்தார். பெண் பார்க்கப் போன இடத்தில் அவரிடம் கேட்ட முதல் கேள்வியை நான் எழுத மாட்டேன். அவருக்கு நிறையப் பிள்ளைகள் பிறந்தார்கள். அதையும் ஊர் ஆச்சரியத்தோடுதான் எண்ணியது.

மருந்துச்சிட்டை:

நாடகம் எனக்குத் தெரியாது. மருந்துக்கடையில் நிற்கிறேன். அந்தப் பாத்திரம் தினமும் என் கடைக்கு வருகிறான். பனடோல் கேட்பான். பெண் பிள்ளை நிற்கும் பக்கம் வரமாட்டான். கடையில் ஆட்கள் குறையும்வரை இருமல் மருந்துப் போத்தல்களை வாசித்துக்கொண்டு நிற்பான். பிறகு நாலாக மடித்த தாளை நீட்டுவான்.

சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். சலரோகம், அதாவது நீரிழிவு, எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. நீண்ட காலம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் அது நரம்பையும் இரத்தக் குழாயையும் கெடுக்கும். விறைப்புக் குறைவது அதன் விளைவுகளில் ஒன்று. ஆணுறுப்பின் இரத்தக் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடச் சிறியவை. அடைப்பு அங்கேதான் முதலில் தெரியக்கூடும். ஆகவே இது இதய நோய்க்கு முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். வெட்கப்பட்டுப் பேசாமல் இருப்பவன் அந்த எச்சரிக்கையையும் தவறவிடுகிறான். 1998இல் சந்தைக்கு வந்த சில்டெனாபில் முதலில் நெஞ்சுவலிக்காகவே பரிசோதிக்கப்பட்டது. நெஞ்சுவலிக்கு நைத்திரேற்று வகை மருந்து எடுப்பவர்கள் அதைச் சேர்த்து விழுங்கினால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கும். நண்பன் தந்தான் என்று வாங்கி விழுங்குகிறவர்களுக்கு இது தெரியாது.

இளம் பையன்களின் கதை வேறு. ஒரு துளி விந்துக்கு நாற்பது துளி இரத்தம் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். கனவில் வெளியேறியதற்காக உடம்பு உருகிப்போகிறது என்று நம்பி, படிப்பைக்கூடக் கவனிக்காமல் லேகியம் தேடி அலைகிறார்கள். பத்திரிகையில் கட்டம் கட்டி வரும் விளம்பரங்கள் இந்தப் பயத்தை வைத்தே பிழைக்கின்றன. விந்து வெளியேறுவதால் உடலுக்கு ஒரு கேடும் இல்லை. இதைச் சொல்ல எத்தனை பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் இருக்கிறார்? சைவப்பழம் ஐயா, டொக்டரின் அறையோடு நிற்கட்டும் என்றீர்கள். அவன் அந்த அறைக்கு வருவதே இல்லை.

சைவப்பழம்:

சரி, மருத்துவம் மருத்துவம்தான். மறுக்கவில்லை. ஆனால் ஆண் உடலை நாங்கள் ஒளித்துவைத்தோம் என்று எல்லோரும் எழுதுவது பிழை. நல்லூருக்கு வாருங்கள். ஆண் எவனும் மேற்சட்டையோடு உள்ளே போக முடியாது. நீதிபதியும் கூலிக்காரனும் வெறும் மேலோடு நிற்பார்கள். தொப்பை, தழும்பு, எலும்பு எல்லாம் தெரியும். இருபத்தைந்து நாள் திருவிழாவில் பிரதட்டை செய்பவர்கள் சுடுமணலில் உருளுகிறார்கள். தூக்குக்காவடியில் முதுகில் முள் குத்தித் தொங்குகிறான். தாயும் மனைவியும் பக்கத்தில் நடந்து வருகிறார்கள். யாராவது சிரித்தார்களா? சிரிப்பு வருவது உடலால் அல்ல, அதை எதற்காகக் காட்டுகிறீர்கள் என்பதால்.

கரையோரத்தாள்:

இந்த இழையில் எனக்குப் பிடித்த பதிவு இதுதான், ஐயா. உண்மையாகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் கத்தோலிக்கர். தவக்காலத்தில் திருமறைக் கலாமன்றம் என்ற கலை அமைப்பின் திருப்பாடுகளின் நாடகத்தைப் பார்க்கச் சனம் திரளும். கசையடி வாங்கி, அரைத்துணியோடு சிலுவையில் தொங்கும் உடலைப் பார்த்துப் பெண்கள் விம்முவார்கள். அங்கும் சிரிப்பில்லை.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். முள் குத்தினால், ஆணி அறைந்தால், கழுவேறினால் ஆண் உடலைக் கண்கொண்டு பார்ப்போம். வலி இருந்தால் போதும், நாங்கள் வணங்கத் தயார். வலி இல்லாத ஆண் உடல் மேடையில் ஏறினால் அது நகைச்சுவை.

பெயரிலி 7:

வலி இருந்தால் போதும் என்று அக்கா எழுதியிருக்கிறீர்கள். எல்லா வலிக்கும் அது பொருந்தாது.

எண்பதுகளின் நாடகங்களை என் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். குழந்தை சண்முகலிங்கம் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' 1985இல் ஊர் ஊராகப் போயிற்று. உழைத்துத் தேய்ந்த உடல்கள், பிறகு எழுந்து நிற்கும் உடல்கள். 1991இல் 'அன்னை இட்ட தீ' போர் மனதுக்குச் செய்ததைப் பேசியது. இவை பெரிய காரியங்கள். ஆனால் தடுப்புக் காவலில் ஆணுக்கு நடந்த ஒன்றை எந்த மேடையும் சொன்னதாக எனக்குத் தெரியாது. அடித்தார்கள் என்று சொல்லலாம். நகத்தைப் பிடுங்கினார்கள் என்று சொல்லலாம். சபை அழும். அதற்கு அப்பால் ஒன்று நடந்தது என்றால், அதைச் சொல்லும் ஆணுக்கு வீட்டிலும் காது இல்லை.

இது கட்டுக்கதை அல்ல. ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் அலுவலகம் 2015 செப்ரெம்பரில் வெளியிட்ட விசாரணை அறிக்கை, தடுப்பிலிருந்த பெண்களும் ஆண்களும் பாலியல் சித்திரவதைக்கு உள்ளானதைப் பதிவு செய்திருக்கிறது. ஆனால் இலங்கையின் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில், 363ஆம் பிரிவின்படி, வன்புணர்வு என்பது ஆண் பெண்ணுக்குச் செய்யும் குற்றம் மட்டுமே. ஆணுக்கு நடந்தால் 1995இல் சேர்க்கப்பட்ட பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற பிரிவுக்குள்தான் அதைக் கொண்டுவர வேண்டும். அதே சட்டக்கோவையின் 365அ, இரண்டு ஆண்கள் விருப்பத்தோடு சேர்ந்திருப்பதையும் குற்றமாக்கி வைத்திருக்கிறது. 1995இல் அதை நீக்குவதற்குப் பதிலாகப் பெண்களுக்கும் விரித்தார்கள். ஒருவன் முறைப்பாடு கொடுக்கப் போனால் தன்னையே குற்றவாளி ஆக்கிவிடுவார்களோ என்று பயப்படுவதில் என்ன ஆச்சரியம்?

இதற்கு மேல் எழுத விரும்பவில்லை. கேள்வி கேட்க வேண்டாம்.

நெறியாளர்:

பெயரிலி 7இன் பதிவுக்குக் கீழே வந்த மூன்று பதில்களை நீக்கியிருக்கிறேன். அவர் கேட்டுக்கொண்டதை மதியுங்கள்.

பனிக்காட்டான்:

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். 365அ பற்றி ஒரு சேர்க்கை. அந்தப் பிரிவுகளைத் திருத்தக் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் சொல்லியும், பாராளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை.

எனக்குத் தெரிந்தவர்களில் சிலர் ஊருக்குப் போய்த் திருமணம் செய்துகொண்டு வந்தவர்கள். பெண்களில் நாட்டமே இல்லாதவர்கள். தாய் அழுதாள், சாதகம் பொருந்தியது, விமானச் சீட்டு எடுத்தாயிற்று. இங்கே வந்து இரண்டு பேரும் ஒரே வீட்டில் அயலவர்களாக வாழ்கிறார்கள். திரைச்சீலையின் கதாநாயகன் "முடிவதில்லை" என்கிறானே, ஏன் முடிவதில்லை? சலரோகமா, பயமா, தடுப்பில் நடந்ததா, அல்லது இதுவா? டொக்டர் கேட்கிறாரா?

வட்டுக்களரி:

தம்பி, எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தின் தலையில் ஏற்றினால் அவன் மனிதனாக இருக்க மாட்டான், துண்டுப்பிரசுரமாகிவிடுவான். தொண்டு நிறுவனங்கள் போட்ட வீதி நாடகங்களில் பார்த்து அலுத்துவிட்டேன். கடைசியில் ஒரு பெண் வந்து தொலைபேசி இலக்கம் சொல்லுவாள்.

கரையோரத்தாளுக்கு ஒரு பதில் கடன் இருக்கிறது. காத்தான் துரத்துகிறான் என்பது சரி. ஆனால் அவன் தாயிடம் கெஞ்சும் இடத்தை மறந்துவிட்டீர்கள். மாரியிடம் அவன் வெறும் பிள்ளை. அந்த இடத்தில் நல்ல நடிகன் குரலை உடைப்பான். வீரம் வற்றிப்போன ஆண் குரல் எங்கள் களரியில் இருக்கிறது. திரைச்சீலையின் பையன் அதைப் போய்க் கேட்க வேண்டும்.

கரையோரத்தாள்:

கேட்கட்டும். காத்தான் ஆசை வைத்த ஆரியமாலை என்ன நினைத்தாள் என்பதையும் ஒருநாள் யாராவது பாடட்டும்.

பழைய பபூன்:

எல்லோரும் கருத்துச் சொல்லிவிட்டீர்கள். பையனுக்கு மேடையில் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். சிரிப்பு எனக்குச் சோறு போட்ட பொருள்.

அந்த வசனத்துக்குச் சிரிப்பு வரும். வருவதைத் தடுக்க நினைத்து அவசரமாக அடுத்த வசனத்துக்குப் போனால் சிரிப்புப் பால் போலப் பொங்கி மேடையை நனைத்துவிடும். நிற்க வேண்டும். பையன் சபையைப் பார்க்கக் கூடாது, தரையையும் பார்க்கக் கூடாது. டொக்டரையே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். டொக்டரும் எழுதுவதை நிறுத்தக் கூடாது. டொக்டர் நிமிர்ந்து பார்த்தால் சபைக்கு அது சைகை. இன்னொரு தடவை சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கும். அடங்கிய பிறகு ஒரு சங்கடமான அமைதி வரும். அந்த அமைதியில் டொக்டர் மிகச் சாதாரணமாக, "எவ்வளவு காலமாக?" என்று கேட்கட்டும். தடிமன் காய்ச்சலுக்குக் கேட்பது போல. அந்தக் கேள்விக்குச் சபை சிரிக்காது. ஏனென்றால் பாதிப் பேர் மனதுக்குள் தங்களுடைய கணக்கைப் போடத் தொடங்கியிருப்பார்கள்.

இன்னொன்று, முன்னால் வெங்காய விலை வைத்திருக்கிறீர்கள். அதில் ஒரு நல்ல சிரிப்பை நீங்களே கொடுத்துவிடுங்கள். சபைக்குச் சிரிக்க ஓர் இடம் கொடுத்தால், தானாக இன்னோர் இடம் தேடாது. வள்ளி திருமணத்தில் யானை வரும் இடத்துக்கு முன்னால் நாங்கள் இதைத்தான் செய்தோம்.

பையனுக்கு வயது போதாது என்றும் படுகிறது. இருபத்திரண்டு வயதுப் பையன் சொன்னால் பகிடி. தலை கொஞ்சம் உதிர்ந்த, ஊரில் மரியாதையுள்ள ஒருவர் சொன்னால் பின்வரிசைக்காரர்களுக்குச் சிரிப்பு எழாது.

மருந்துச்சிட்டை:

"எவ்வளவு காலமாக?" என்பதுதான் உண்மையான டொக்டர்களும் கேட்பது. அதற்கு அடுத்த கேள்வி, "காலையில் எழும்போது எப்படி?" என்பது. விடியற்காலையில் விறைப்பு வழமைபோல இருந்தால் காரணம் பெரும்பாலும் மனத்தில் இருக்கும். அதுவும் இல்லையென்றால் உடலைச் சோதிக்க வேண்டும். அதை மேடையில் கேட்டால் மண்டபக்காரர் என்ன சொல்வாரோ!

திரைச்சீலை:

பபூன் அண்ணை, நேற்று ஒத்திகையில் டொக்டரை எழுதவைத்துப் பார்த்தோம். இருந்தவர்கள் எங்கள் ஆட்கள் மட்டும்தான் என்பதால் சிரிப்பின் கதை தெரியவில்லை. ஆனால் அமைதி கனமாக இருந்தது. "எவ்வளவு காலமாக?" என்பதைச் சேர்த்துவிட்டேன். காலைக் கேள்வியையும் சேர்க்கிறேன், சபை எங்கே நெளிகிறது என்று பார்ப்போம். நடிகரை மாற்றுவதற்குப் பையன் சம்மதிக்கவில்லை. அந்தச் சிரிப்பை ஒரு தடவையாவது வென்று காட்ட வேண்டும் என்கிறான். அவன் பக்கம் நியாயம் இருக்கிறது.

பனிக்காட்டான், காரணத்தை நாடகம் சொல்லாது. வட்டுக்களரி ஐயா சொன்ன துண்டுப்பிரசுரப் பயம் எனக்கும் உண்டு.

மனைவியை உள்ளே கொண்டுவருவதா என்பதில் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. நடிக்கும் பெண், "கதிரை போட்டால் போதும், வசனம் நானே சொல்லிக்கொள்கிறேன்" என்கிறாள். என்ன வசனம் என்று கேட்டால் சொல்ல மறுக்கிறாள். மண்டபம் இன்னும் உறுதியாகவில்லை. கோயில் வீதியில் ஆடலாம் என்று ஒருவர் சொல்கிறார். வள்ளி திருமணத்துக்கு இடம் கொடுத்த வீதி என்று வாதாடிப் பார்க்கலாம். அண்ணை, ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்கு ஒத்திகை. வர முடியுமா?

பழைய பபூன்:

வருகிறேன். முழங்கால் சரியில்லை, மாடிப்படி இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.